அந்த ஆறு நம்பர்

பெரியம்மா ரங்கூனில் இருக்கும் என் செல்போன் கடைப் படியேறி வந்தபோது மின்சாரம் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஜெனரேட்டரை இன்னும் போடவில்லை. கைலி மடிப்பிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "தம்பி, காசு எங்கயோ ஒளிஞ்சுக்கிச்சு. கொஞ்சம் தேடிக் குடு" என்றார். பண ஆப்பைத் திறந்து பார்த்தேன். இருப்பு 1,200 சாட் (மியான்மர்ப் பணம்). முந்தின நாள் 4,80,000 இருந்திருக்கிறது. காலை பத்தேகாலுக்கு ஒருமுறை, அடுத்த மூன்றாவது நிமிடம் இன்னொருமுறை என்று, முன்பின் தெரியாத இரண்டு பெயர்களுக்கு மொத்தமும் போய்விட்டது. ஒளிந்துகொள்ளவில்லை பெரியம்மா, ஓடிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை அணைத்துத் திரும்பப் போட்டேன், என்னவோ அதனால் காசு திரும்பி வந்துவிடும் என்பதுபோல.

எனக்கு உறவில் பெரியம்மா இல்லை. எங்கள் தெருவில் எல்லாருக்குமே அவர் பெரியம்மாதான். மகன் மலேசியாவில் உணவகத்தில் வேலை செய்கிறான். அவன் அனுப்பும் பணம் என்ன வழியில் கடல் தாண்டுகிறது என்று நான் கேட்பதில்லை. இந்த ஊரில் அதைக் கேட்பது மரியாதையில்லை. கடைசியில் ரங்கூனிலேயே இருக்கும் யாரோ ஒருவர் பெரியம்மாவின் ஆப்புக்கு அதைத் தள்ளிவிடுவார். இந்தத் தடவை வந்தது அடகுக் கடையில் இருக்கும் தோட்டை மீட்க. வட்டி கட்டிக் கட்டி அலுத்துப்போய், மொத்தமாகவே திருப்பிவிடலாம் என்று நாலு மாதமாகச் சேர்த்திருக்கிறார்.

நடந்தது இதுதான். காலையில் ஓர் அழைப்பு. நல்ல பர்மிய மொழி. 'அமே', அதாவது அம்மா என்று வாய்நிறையக் கூப்பிட்டிருக்கிறான். கணக்கு பழசாகிவிட்டது, புதுப்பிக்காவிட்டால் இன்று சாயங்காலத்தோடு முடங்கிவிடும், இப்போது உங்கள் போனுக்கு ஒரு செய்தி வரும், அதில் இருக்கும் ஆறு நம்பரைப் படித்துச் சொன்னால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அமே. செய்தி வந்தது. சொன்னார். அடையாள அட்டை நம்பரைக் கேட்டான். எடுத்துவந்து சொன்னார். மறுபடி ஒரு செய்தி வந்தது. அதையும் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

"நல்ல பையனாத்தான் பேசினான்" என்றார் பெரியம்மா. "பின்னால யாரோ அவனைத் திட்டுற சத்தம்கூடக் கேட்டுச்சு, பாவம்." அந்தப் பாவத்தில்தான் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். 2022இல், ஐ.டி. வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பக்கம் கொண்டுபோகப்பட்டு, மோசடிக் கூடங்களில் உட்காரவைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. அந்த அக்டோபரில் 13 பேர் சென்னை போய்ச் சேர்ந்த செய்தியை இதே கடையில் உட்கார்ந்துதான் படித்தோம். பெரியம்மாவை 'அமே' என்றவன் அப்படி ஒரு கூடத்தில் இருந்தானா, இல்லை அடுத்த தெருவில் சொகுசாக உட்கார்ந்திருந்தானா என்று சொல்ல வழியில்லை. பணம் போனவரே அவனுக்காகப் பரிதாபப்பட்டார், அதைத்தான் சொல்ல வந்தேன்.

எனக்கு வந்தது கோபம். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், மெசேஜ்ல வர்ற நம்பரை யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு?" என்று கத்திவிட்டேன். பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை, நிஜமாகவே குழம்பிப்போன முகம்.

"நீ எப்பப்பா சொன்னே? நீ கேட்டே, நான் சொன்னேன்."

இந்த ஒரு வரி நாலு மாதமாக என்னை விடவில்லை.

அவர் சொன்னது உண்மை. 2022 கடைசியில் அந்த ஆப்பை அவர் போனில் போட்டுக்கொடுத்தது நான். அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். போன் என் கையில். அவர் எதிரே முக்காலியில். "பெரியம்மா, இப்போ ஒரு மெசேஜ் வரும். அதுல ஆறு நம்பர் இருக்கும். கொஞ்சம் சத்தமாப் படிங்க." கணக்குத் திறப்பது ஒரு போனில், சிம் இருந்தது இன்னொரு பழைய போனில், அதனால் அவர் படிக்க, நான் தட்டினேன். அடையாள அட்டையைக் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது செய்தி வந்தது, அதையும் படித்தார். அன்று சாயங்காலமே மகனிடமிருந்து பணம் வந்து விழுந்தது. பணம் போன அன்று காலை வந்த அழைப்பில் அந்தப் பையன் கேட்டதும் இதே வரிசைதான். நான் ஒத்திகை பார்த்து வைத்த நாடகத்தை அவன் அரங்கேற்றிவிட்டுப் போனான்.

இதில் இன்னொரு கொக்கியும் இருக்கிறது. அதைப் பெரியம்மாவே, அழுகையெல்லாம் ஓய்ந்த பிறகு, இரண்டு நாள் கழித்துச் சொன்னார். அவர் கணவர் இருந்த காலத்தில் பணம் உண்டியலில் வரும். கோயில் உண்டியல் இல்லை, ஆள் மூலம் கைமாறுகிற உண்டியல். அனுப்புகிறவர் ஏதோ ஒரு பணத்தாளின் வரிசை எண்ணை இங்கே இருக்கும் ஆளிடம் சொல்லிவைப்பார். அந்தத் தாள் பெரியம்மா வீட்டில் இருக்கும். பணம் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று கேட்பார், இவர் தாளைப் பார்த்து நம்பரைச் சொல்வார், அவர் தன்னிடமிருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தை எண்ணிவைப்பார். "அப்ப நம்பர் சொன்னாத்தான் காசு வரும். இப்பவும் அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். நாற்பது வருஷப் பழக்கம் அது. நம்பரைச் சரியாகச் சொல்வதுதான் நேர்மை என்று கற்றுக்கொண்ட ஒருவரிடம், நம்பரைச் சொல்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று யாருமே உட்கார்ந்து விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டியவன் நான். நானோ அவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓடிபி என்று நாம் சொல்லும் இந்த ஆறு எண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், இந்த சிம் இப்போது உன்னிடம் இருக்கிறது என்பது. அது யார் காதுக்குப் போகிறது, யார் விரல் அதைத் தட்டுகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. குறுஞ்செய்தியில் அனுப்பும் எண்ணை முழுசாக நம்பக்கூடாது என்று அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 2016இலேயே வரைவு எழுதிவிட்டது. அந்த வருஷம்தான் இங்கே வேவ் மணி என்ற போன்வழிப் பணச் சேவை வந்தது. 2018இல் கேபிஇசட் பே. அங்கே கதவை மாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது நாங்கள் அதே கதவுக்கு வரிசையில் நின்றோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மின்னஞ்சல், கணினி எதையும் தொடாமல் நேராகச் செல்போனுக்குத் தாவிய நாடு இது. வேறு எந்தக் கதவு எங்களுக்கு இருந்தது?

அந்தச் செய்தியிலேயே 'இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருக்கிறதே என்பீர்கள். எழுதியிருக்கிறது, பர்மிய எழுத்தில். பெரியம்மா பர்மிய மொழியைச் சந்தைக்காரிகளோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுவார், படிக்கத் தெரியாது. கோயில் வகுப்பில் படித்த தமிழ் எழுத்தும், எண்களும்தான் தெரியும். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் ரொம்ப நாள் வேறு தொல்லை இருந்தது. சாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அனுப்பியதை, உலகப் பொது முறையான யூனிகோட் உள்ள போனில் திறந்தால் புழுக்கள் நெளிந்தது போல இருக்கும். 2019 அக்டோபர் 1 அன்று எல்லாரும் யூனிகோடுக்கு மாறுங்கள் என்று நாள் குறித்தார்கள். மாறாத பழைய போன்கள் அதற்குப் பிறகும் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஆக, அந்தச் செய்தியில் பெரியம்மாவால் படிக்க முடிந்த ஒரே பகுதி, படிக்கக்கூடாத அந்த ஆறு எண்.

என் கடைச் சுவரில், என் தலைக்கு நேர் மேலே, ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மூன்று மொழியில். நானே அடித்து ஒட்டியது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் பத்து வருஷமாக ஒவ்வொருவரிடமும் ஓடிபி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீல நோட்டு

கணக்கு எழுதும் நீளமான நீல அட்டை நோட்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 2014இல் தொடங்கியது. அந்த வருஷத்தை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் சிம் என்பது பணக்காரர் பொருள். ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். 2014 ஆகஸ்டில் ஊரிடூ என்ற செல்போன் நிறுவனம் 1,500 சாட்டுக்கு விற்கத் தொடங்கியது. அடுத்த மாதமே டெலினார். தெருவில் காய்கறி விற்கிற அக்கா வரைக்கும் கையில் போன். வாங்கியவர்கள் எல்லாரும் அடுத்து வந்து நின்ற இடம் என்னைப் போன்றவர்களின் கடை. "ஃபேஸ்புக் போட்டுக் குடுங்க சயா." சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார், ஐயா. ஃபேஸ்புக் போட ஜிமெயில் வேண்டும். ஜிமெயிலுக்குப் பிறந்த தேதி வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நானே ஒரு பெயர் வைத்தேன், நானே ஒரு தேதி போட்டேன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் 1990 ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள். பாஸ்வேர்டும் நானே வைத்தேன். மறந்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று நோட்டில் எழுதிவைத்தேன். மறந்துவிட்டு வந்து நின்றார்கள். அதனால் எழுதியது சரி என்று ஆயிற்று.

பிறகு பண ஆப்புகள் வந்தன. அதே நோட்டில் இன்னொரு கோடு போட்டு ஒரு பத்தி கூட்டினேன். பின் நம்பர். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பெரியம்மாவின் பணம் போன அன்று இரவு உட்கார்ந்து எண்ணினேன், 310 பேர். பெயர், போன் நம்பர், ஜிமெயில், பாஸ்வேர்டு, பலருக்கு அடையாள அட்டை எண், நூற்றுச் சொச்சம் பேருக்குப் பின் நம்பரும். இழுப்பறைக்குப் பூட்டுகூடக் கிடையாது. கடைப் பையன்கள் இத்தனை வருஷத்தில் ஆறு பேர் மாறியிருக்கிறார்கள். உலகத்தில் எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தில் தகவல் திருட்டுப் போனது என்று செய்தி வந்தால், "இவனுங்களுக்கு ஒரு பொறுப்பு வேணாமா" என்று தேநீர் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்கிற ஆள் நான். நல்லவேளை, என் தகவல் கிடங்கில் மழைத்தண்ணீர் மட்டும்தான் இதுவரை புகுந்திருக்கிறது. 2018ஆம் வருஷத்துப் பக்கங்கள் கொஞ்சம் ஊறிப்போயிருக்கின்றன.

பெரியம்மா என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் பின் நம்பர், அட்டை எண் எல்லாம் தெரிந்த ஒரே வெளியாள் நான். ஒரு துப்பறிகிறவன் வந்தால் முதலில் என் கையைத்தான் பிடிக்க வேண்டும். ஆப் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அடித்தோம். ரொம்ப நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, எண்ணை வாடிக்கையாளரே கொடுத்திருப்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். காவல் நிலையம் போகலாமா என்று கேட்டேன். "போயி? காசு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, மவனை மாட்டிவிடவா?" என்றார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நேர்வழியில் வராத பணத்தைத் திருடினால் திருட்டுக் கொடுத்தவர் வாய் திறக்க முடியாது என்பது அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்கும், நம்மைவிட நன்றாக.

அப்பாவின் தாள்கள்

ஏன் மனிதர்கள் இப்படி மொத்தத்தையும் ஒருவன் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று யோசித்தால் எனக்கு என் அப்பாவின் தகரப் பெட்டி ஞாபகம் வரும். தாத்தா காலத்து ஆட்கள் சூரத்தி பஜார் என்று சொல்கிற தெயிஞ்சி சந்தையில் அப்பாவுக்குப் பருப்புக் கடை. 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. எனக்கு எட்டு வயது. 25, 35, 75 சாட் தாள்கள் இனி செல்லாது, மாற்றியும் தரமாட்டோம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அவ்வளவுதான். கல்லாவில் இருந்தது, வீட்டில் இருந்தது, கடனைத் திருப்ப எடுத்துவைத்தது எல்லாம் காகிதம். இரண்டு வருஷம் முன்பு 1985 நவம்பரில் 100 சாட் தாளைச் செல்லாததாக்கியபோதாவது ஒரு வரம்பு வரை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால் 1964 மே மாதம் 50, 100 தாள்கள், அதே வருஷம் கடைகளும் அரசுடைமை. தாத்தாவின் கூட்டாளிகள் பாதிப் பேர் கப்பலேறியது அப்போதுதான். 1987க்குப் பிறகு 45, 90 என்று புதுத் தாள்கள் வந்தன. ஒன்பது ராசி என்று சொல்வார்கள். இரண்டு 45 சேர்ந்தால் 90 என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறொன்றும் புரியவில்லை. வாய்ப்பாடு மட்டும் நன்றாக வந்தது.

அப்பா அந்த 75 சாட் தாள்களை எரிக்கவில்லை. ஒரு கட்டைத் தகரப் பெட்டியில் போட்டு வைத்தார். 2003 பிப்ரவரியில் தனியார் வங்கிகளில் கூட்டம் முண்டியடித்து, வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு போட்டபோது, அந்தப் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டினார். பேச்சு ஒன்றுமில்லை, காட்டினார், அவ்வளவுதான். அவர் கையிருப்பெல்லாம் தங்கமாக இருந்தது. மீதி, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய நாலைந்து பேரிடம் இருந்தது. "வீடு தெரிஞ்சவன்கிட்ட குடு" என்பார். ஏமாற்ற மாட்டான் என்பதற்காக இல்லை. ஏமாற்றினால் போய்க் கதவைத் தட்டலாம் என்பதற்காக.

நான் அவரைக் கேலி செய்தவன். 2016இல் அவர் தவறினார். அடுத்த சில வருஷங்கள் நான் போனிலேயே காசு வாங்கி, போனிலேயே சரக்குக்குக் கொடுத்து, பெட்டியெல்லாம் பழங்கதை என்று திரிந்தேன். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1 விடிந்தபோது போனும் இல்லை, இணையமும் இல்லை. அந்த மாத நடுவிலிருந்து தினமும் இரவு ஒரு மணிக்கு அறுத்துக் காலை ஒன்பதுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவே நின்றது. ஏடிஎம் வாசலில் விடிய விடிய வரிசை. ஆப்பில் இருக்கும் பணத்தைக் கையில் தாளாக வாங்க, நூற்றுக்கு ஐந்து, பிறகு எட்டு, பத்து என்று கழிவு கொடுத்தோம். ஒரே நாட்டின் ஒரே சாட், திரையில் இருந்தால் ஒரு விலை, கையில் இருந்தால் ஒரு விலை. அந்த நாள்களில் என் கடைக்குத் தாள் கொண்டுவந்து கொடுத்து, "ஆப்புல எப்ப முடியுதோ அப்ப அனுப்பு" என்று கழிவு பிடிக்காமல் போனவர்களில் பெரியம்மாவும் ஒருவர். அவருக்கு அப்போது ஆப்பே கிடையாது. வீடு தெரிந்தவன் நான், அவ்வளவுதான் கணக்கு.

தலைக்கு ஆறு டாலர்

2021 ஜூலையில் டெலினார் தன் மியான்மர் நிறுவனத்தை லெபனானின் எம்1 குழுமத்துக்கு 10.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக அறிவித்தது. என் மச்சான் தொழில்நுட்பச் செய்தி, வியாபாரச் செய்தி எதையும் விடமாட்டார். "வாடிக்கையாளர் எத்தனை பேர்?" என்று கேட்டார். சுமார் 1 கோடியே 80 லட்சம். கால்குலேட்டரைத் தட்டி என் முன்னால் தள்ளினார். தலைக்கு 5 டாலர் 83 சென்ட். "மச்சான், ஒரு ஆள் ஆறு டாலர்கூடத் தேறல." கோபுரம், உரிமம், நாற்காலி, மேசை எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அந்த விலை, ஆனால் வாங்குகிறவருக்கு யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற பதிவுகளும் போய்ச் சேரும். நூற்றுக்கணக்கான குடிமை அமைப்புகள் சேர்ந்து டெலினாரின் தாய்நாடான நார்வேயில் புகார் கொடுத்தன. 2022 மார்ச்சில் கைமாறியது, ஜூனில் ஏட்டம் என்று பெயரும் மாறியது. நான் அதன் வாடிக்கையாளனா இல்லையா என்பது இருக்கட்டும். அன்று மச்சானோடு சேர்ந்து நானும் உச்சுக் கொட்டினேன்.

இப்போது அந்தக் கணக்கை என் நோட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 310 பேர், சுமார் 1,800 டாலர். சிரித்துவிட்டு மறந்திருக்கலாம், 2023இல் கடைக்கு வந்த ஒரு பையன் மட்டும் இல்லாவிட்டால். நல்ல சட்டை, நல்ல ஷூ. அடையாள அட்டை வைத்துப் பதிந்து, யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய பண ஆப்புக் கணக்குகள் இருக்கிறதா சயா, ஒன்றுக்கு 25,000 சாட் தருகிறேன் என்றான். வெளிச் சந்தையில் அன்றைக்கு டாலர் மூவாயிரத்துச் சொச்சம். ஆக எட்டு டாலர் பக்கம். இல்லை என்று அனுப்பிவிட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அவன் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான். எனக்குப் பிடிக்கிற மாதிரி ஒருவன் வந்து கேட்டிருந்தால்? என் கடையில் வேலை பார்த்த ஆறு பையன்களில் ஒருவனிடம் கேட்டிருந்தால்? பெரியம்மாவின் பணம் போய் விழுந்த அந்த இரண்டு பெயர்களும் இப்படி எங்கோ ஒரு கடையில், ஒரு நோட்டிலிருந்து கிளம்பிய பெயர்களாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர்களும் அப்பாவிகள். யாரோ ஒரு சயா சொன்னபோது நம்பரைச் சத்தமாகப் படித்தவர்கள்.

கூகுளும் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் 2022 மே மாதத்தில் சேர்ந்து அறிவித்த பாஸ்கீயைப் பற்றி மச்சான் அடிக்கடி சொல்வார். நம்பரே கிடையாது, பாஸ்வேர்டே கிடையாது, உன் போனும் உன் விரலும்தான் சாவி, அதைப் பிறத்தியாரிடம் வாய்விட்டுச் சொல்லவே முடியாது. கேட்க நன்றாக இருக்கிறது. வரட்டும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு போனை மூன்று பேர் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. பகலில் மருமகள் கையில், சாயங்காலம் பேரன் கையில், ராத்திரி மலேசியாவுக்குப் பேசப் பாட்டி கையில். அதில் யார் விரல்?

பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தது

நோட்டை எரித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனைவி தடுத்தாள். "எரிச்சிட்டா, அவங்க கணக்கெல்லாம் அவங்களுக்கே திறக்காது. உன் குற்ற உணர்ச்சிக்கு அவங்க ஏன் நஷ்டப்படணும்?" சரிதான். ஆகவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பாஸ்வேர்டை மாற்றவைத்து, அவர்கள் வரியைக் கிழித்து அவர்களிடமே கொடுப்பது என்று முடிவு செய்தேன். இன்றைய தேதிக்கு 74 பேர் ஆகியிருக்கிறது.

தோசைக்கடை அண்ணன் வாங்கிக்கொள்ளவே இல்லை. "நான் எங்க கொண்டுபோயி வைக்க? மாவுல விழுந்துரும். உன்கிட்டயே இருக்கட்டும்." மூன்று தடவை சொல்லிவிட்டேன், அசையவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தன் அம்மாவுக்காக வந்தாள். சீட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "இத்தனை வருஷமா எங்க அம்மாவோட பாஸ்வேர்டு உங்ககிட்ட இருந்துச்சா மாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் மாற்றி, சீட்டைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள். என் குப்பைக் கூடையைக்கூட அவள் நம்பவில்லை. திட்டாமல் திட்டியது அவள் ஒருத்திதான். அவளிடம் எனக்கு மரியாதை வந்தது.

சிலர் இப்போது இல்லை. ஒரு பேர் வந்ததும் கை நின்றது. கோவிட் மூன்றாம் அலையில் 2021 ஜூலையில் போனவர். ஆக்சிஜன் சிலிண்டருக்கு அவர் மகனோடு நானும் வரிசையில் நின்றேன். மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த நோட்டில் இருந்த பாஸ்வேர்டை வைத்து அவர் ஜிமெயிலைத் திறந்தோம். பழைய போன் எப்போதோ செத்துவிட்டது, ஆனால் படங்கள் மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. பீலிக்கான் கோயில் திருவிழாவில் அவர் பேத்தியைத் தோளில் வைத்திருக்கும் படம் ஒன்று. மகன் ரொம்ப நேரம் பேசவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை எழுதி வச்சீங்கண்ணே" என்றான். நான் என்ன சொல்ல? அந்தப் பெண் கிழித்ததும் சரி, இவன் கையைப் பிடித்ததும் சரி.

பெரியம்மாவைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். போன வாரம் அவரே வந்துவிட்டார். மகன் மறுபடி அனுப்பியிருக்கிறான், தோடு இன்னும் அடகில்தான். அவர் வரியைக் கிழித்துக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்து, தன் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறேன் என்பதைக் கண்டு சிரித்தார். அப்புறம் முக்காலியை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். உண்டியல் ஆள் கேட்டால் நம்பர் சொல்லலாம், போனில் கேட்டால் சொல்லக்கூடாது, வங்கி என்றாலும் சொல்லக்கூடாது, அமே என்றாலும் சொல்லக்கூடாது, "நானே கேட்டாலும் சொல்லக்கூடாது பெரியம்மா." கடைசி வார்த்தைக்கு மட்டும் முகத்தைச் சுளித்தார். "நீ கேட்டா எப்படிப்பா சொல்லாம இருக்க?" கேட்க மாட்டேன் என்றேன். புதுப் பின் நம்பர் போட வேண்டும், ஆறு எண், உங்கள் மனசில் இருக்கிற எதையாவது போடுங்கள், எனக்குத் தெரியவே கூடாது, நான் திரும்பிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே சைக்கிள் ரிக்‌ஷாவில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆள் என்னைப் பார்த்தான். பக்கத்துக் கடைப் பையன் எட்டிப் பார்த்தான்.

எனக்குப் பின்னால் பெரியம்மா, ஒவ்வொரு எண்ணாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்திக்கொண்டிருந்தார்.